எர்ணாகுளத்திலிருந்து ஒரே நாளில் ஆலப்புழை கால்வாய்களும் ஒரு மீனவ கிராமமும் பார்த்துத் திரும்ப முடியுமா? படகு வீடு எடுத்தே ஆக வேண்டுமா?

முடியும். படகு வீடு வேண்டாம். ஆனால் நான் போன வரிசையில் மட்டும் போகாதீர்கள்.

வேலைக்காகக் கொச்சிக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. போன டிசம்பரில் அம்மா வந்திருந்தாள். நாகர்கோவில்காரி. மலையாளம் எழுத்துக்கூட்டத் தெரியாது, பேச ஆரம்பித்தால் நிறுத்தவும் தெரியாது. சென்னையில் வளர்ந்த எனக்கு நேர் எதிர்: எழுத்துக் கொஞ்சம் படிப்பேன், வாய் வராது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு மலையாளி தேறும் என்ற தைரியத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஆலப்புழை பஸ் ஏறினோம். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். எட்டு மணி வாக்கில் இறங்கிவிட்டோம்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து படகுத்துறை நடக்கிற தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் நாலு பேர் "ஹவுஸ்போட் வேணுமா சார்" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார்கள். படகு வீடு மோசம் என்று சொல்லவில்லை. கெட்டுவள்ளம் என்ற பழைய சரக்குப் படகின் வாரிசு அது. அயினி மரப் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றாலேயே தைத்துச் செய்கிற படகு. ஆனால் அது உங்களை ஊரைவிட்டுக் காயலுக்கு, அதாவது உப்பங்கழிக்கு, கூட்டிப் போய்விடும். கேள்வி கால்வாய் ஊரைப் பற்றி என்றால் அதற்குப் படகு வீட்டில் பதில் இல்லை. ஒருநாள் பயணத்தில் காசும் நேரமும் அதிலேயே தீர்ந்துபோகும்.

அதற்குப் பதில் கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகில் ஏறுங்கள். பஸ் மாதிரிதான், கண்டக்டர், டிக்கெட், மணிச் சத்தம் எல்லாம் உண்டு. கட்டணமும் கிட்டத்தட்ட பஸ் டிக்கெட்தான். கோட்டயம் போகிற படகில் ஏறி வழியில் எங்காவது இறங்கிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். போர்டை நான்தான் படித்தேன். ஐந்து நிமிஷம் கழித்து அம்மா கண்டக்டரிடம் "இது எங்கோட்டா?" என்றாள்.

"நெடுமுடி, அம்மே."

அம்மா என்னைப் பார்த்தாள். "மக்ளே, நீ படிச்ச படிப்பு கொள்ளாம்."

தப்பான படகுதான் நாளைக் காப்பாற்றியது. கோட்டயம் படகு என்றால் முழுதாகப் போக இரண்டரை மணி நேரம். நெடுமுடி பக்கத்திலேயே இருக்கிறது, அங்கிருந்து சங்ஙனாச்சேரி ரோட்டில் பஸ் பிடித்து ஆலப்புழைக்கே திரும்பிவிடலாம். போகும்போது தண்ணீரிலிருந்து குட்டநாடு என்ற இந்த நெல்வயல் பகுதியைப் பார்க்கிறோம், வரும்போது தரையிலிருந்து. படகில் உட்கார்ந்திருக்கையில் ஒரு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்: காயல் தண்ணீர் மேலே இருக்கிறது, வரப்புக்கு அந்தப் பக்கம் வயல் கீழே இருக்கிறது. கடல் மட்டத்துக்கும் கீழே நெல். தண்ணீரை இறைத்து வெளியே தள்ளினால்தான் விதைக்கவே முடியும். அதற்கு 'பெட்டியும் பறையும்' என்று மரத்தாலான ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். பல இடங்களில் இன்னும் ஓடுகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013-ல் இந்த விவசாய முறையை உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக அங்கீகரித்திருக்கிறது. எங்கள் படகில் இதை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. ஒரு துறையில் கேஸ் சிலிண்டர் ஏறியது, அடுத்த துறையில் இறங்கியது.

பத்தரைக்குள் ஊருக்குத் திரும்பிவிட்டோம். இப்போது கால்வாய்.

வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபு இந்த ஊரைக் 'கிழக்கின் வெனிஸ்' என்று சொன்னதாக எல்லாப் பலகையிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாறுவீர்கள். வாடைக்கால்வாய், கமர்ஷியல் கால்வாய் என்று இரண்டு, ஊருக்குக் குறுக்கே ஏறக்குறைய இணையாக ஓடுகின்றன. தண்ணீர் கரும்பச்சை. சில இடத்தில் ஆகாயத்தாமரை மண்டி, தண்ணீரே தெரியாது. ஒன்றிரண்டு இடத்தில் மூக்கைப் பொத்தத்தான் வேண்டும். இதை மறைத்துப் பதில் எழுதுகிறவர்கள் நடந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

அழகுக்காக வெட்டியதல்ல அது, சரக்குக்காக வெட்டியது. ஒரு முனையில் காயல், மறுமுனையில் கடல். மலைநாட்டு மிளகும் ஏலமும் கிராமத்துக் கயிறும் காயல் வழியாக வள்ளத்தில் வந்து கால்வாய்க்குள் நுழையும், கரையிலிருந்த பண்டகசாலைகளில் இறங்கும், அங்கிருந்து கடற்கரை. கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும், சரக்கு அங்கே போகும். அதற்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலத்தின் இரும்புக் கால்கள் இன்றும் துருவேறி வரிசையாக நிற்கின்றன. ஊரை இப்படித் திட்டமிட்டவர் 18-ம் நூற்றாண்டின் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ். பிறந்தது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக் குன்னத்தூரில். இதை நான் போனில் படித்துச் சொன்னதிலிருந்து அம்மா ஆலப்புழையைச் சொந்த ஊர் மாதிரி நடத்த ஆரம்பித்துவிட்டாள். ஒரு பாலத்தின் கைப்பிடி உடைந்திருந்ததற்கு அவள் பட்ட கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

படகுத்துறையிலிருந்து கடற்கரைக்கு மூன்று கிலோமீட்டருக்குள்தான். கால்வாய்க் கரையைப் பிடித்துக்கொண்டே மேற்கே நடங்கள். முல்லைக்கல் கடைத்தெரு வரும். குஜராத்தி தெரு வரும். வியாபாரத்துக்கு வந்தவர்கள் கட்டிய ஜைனக் கோயிலும் உண்டு. பழைய கயிற்றுக் கம்பெனிகளின் நீளமான ஓட்டுக் கட்டிடங்கள், பாதி பூட்டியபடி. ஜேம்ஸ் டாரா என்ற ஐரிஷ் வம்சாவளி அமெரிக்கர் 1859-ல் இங்கே முதல் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். நம்முடைய 'கயிறு' மலையாளத்தில் 'கயர்', அதுதான் ஆங்கிலத்தில் 'காயர்' ஆனது. கயிற்று ரகங்களுக்கு அஞ்செங்கோ, வைக்கம் என்று ஊர்ப் பெயர்களையே வைத்துவிட்டார்கள். ஒரு கதவு திறந்திருந்தது, எட்டிப் பார்த்தோம். தறியில் இரண்டு பேர் பாய் நெய்துகொண்டிருந்தார்கள். காற்றில் பொன்னிறமாகத் தூசி. நெய்தவரின் புருவம்வரை நார்த்துகள். அம்மா ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டாள், வாங்கவில்லை.

பிறகு ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கொச்சியில் ஆழப்படுத்திக் கட்டிய துறைமுகம் வந்தது. கப்பல்கள் அங்கே போய்விட்டன. ஆலப்புழை அப்படியே நின்றுவிட்டது. கால்வாய் ஓரத்துப் பூட்டிய கதவுகளின் கதை அவ்வளவுதான்.

கடற்கரைக்குப் பக்கத்திலேயே 1862-ல் கட்டிய கலங்கரை விளக்கம், சிவப்பு வெள்ளைப் பட்டைகளோடு. நாங்கள் போனது உச்சி வெயிலில், மூடியிருந்தது. இது என் முதல் தப்பு. மத்தியானம் ஊணு, குடம்புளி போட்ட மீன் குழம்பு. அதைப் பற்றி அம்மாவின் அபிப்பிராயம் ("நம்ம ஊர்ல தேங்கா அரைச்சு வச்சா இதைவிட நல்லாருக்கும்") இங்கே தேவையில்லை.

இரண்டாவது தப்புதான் பெரியது. மீனவ கிராமத்தைச் சாயங்காலத்துக்கு வைத்தேன்.

கடலோர ரோட்டில் பஸ் பிடித்து அர்த்துங்கல் போனபோது மணி நாலு. ஆலப்புழைக்கு வடக்கே இருபத்திரண்டு கிலோமீட்டர். வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. ஏலம் இல்லை, கூடை இல்லை, காக்கைகூட இல்லை. ஒரு பெரியவர் மட்டும் தென்னை நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். அம்மா போய் மணலில் உட்கார்ந்தாள்.

"சாளை கிட்டியா?"

நாகர்கோவிலில் மத்தியைச் சாளை என்போம். அவருக்கு உடனே புரிந்தது. "ராவிலே கழிஞ்ஞல்லோ, சேச்சி. இனி நாளே."

காலையிலேயே முடிந்துவிட்டது. ஆனால் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு ஏலம் பார்க்காத வருத்தம் பாதி போய்விட்டது. வலையின் ஒரு கண்ணியை இடது கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். வலது கையில் பிளாஸ்டிக் ஊசி, அதில் சுற்றிய நீல நைலான் நூல். கிழிந்த இடத்தின் ஓரத்தை முதலில் வெட்டித்தான் விடுகிறார். நைந்த கண்ணியை வைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டால் நிற்காதாம். அளவுகோல் கிடையாது. ஆள்காட்டி விரலின் அகலம்தான் கண்ணியின் அளவு. பேச்சும் முடிச்சும் ஒன்றையொன்று தடுக்கவில்லை.

மத்தி முன்போல இல்லை என்றார். எல்லா மீனவரும் சொல்வதுதானே என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கைத் தேடினேன். கேரளத்தில் 2012-ல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடித்த மத்தி 2021-ல் மூவாயிரத்துச் சொச்சம் டன்னுக்கு இறங்கியிருக்கிறது. அதன்பின் கொஞ்சம் மீண்டது என்றாலும் பெரியவர் புலம்பவில்லை, விவரம் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் கிளம்புகிற நேரத்தில் கடலிலிருந்து ஒரே ஒருவர் வந்தார். வள்ளம்கூட இல்லை, தெர்மோகோலைக் கட்டிச் செய்த மிதவை, பொந்து என்கிறார்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து துடுப்புப் போட்டு, கடைசி அலைக்குக் காத்திருந்து, அதன் முதுகிலேயே மணலுக்கு வந்துவிட்டார். அவரிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் வாளியில் கால்வாசி மீன். அம்மா எழுந்து ஓடினாள். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் முந்திவிட்டார்.

அர்த்துங்கலில் புனித அந்திரேயா பசிலிக்காவையும் பாருங்கள். போர்த்துக்கீசிய மிஷனரிகள் காலத்தில், 16-ம் நூற்றாண்டில் வேர்விட்ட கோயில். நாங்கள் போனது மண்டல காலம். கறுப்பு வேட்டி ஐயப்ப பக்தர்கள் சபரிமலையிலிருந்து திரும்பும் வழியில் இங்கே வந்து மாலை கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 20-ல் செபஸ்தியார் திருவிழா. கடற்கரையிலிருந்து கோயில் வரை உருளு நேர்ச்சை, அதாவது உருண்டு போகிற நேர்த்திக்கடன், நடக்கும். அன்று ஒருநாள் பயணம் என்று கிளம்பாதீர்கள், பஸ்ஸில் நிற்கவே இடம் இருக்காது.

இருட்டுவதற்குள் பஸ்ஸில் சேர்த்தலை வந்தோம், எட்டு கிலோமீட்டர்தான். அங்கே நின்றபோதுதான் என் மண்டையில் உறைத்தது. எர்ணாகுளத்திலிருந்து வரும்போது ஆலப்புழைக்கு முன்னால் வருவதே சேர்த்தலைதானே! ஆகவே நீங்கள் முதல் பஸ்ஸில் சேர்த்தலை இறங்கி நேரே அர்த்துங்கல் போய்விடுங்கள். ஏழு மணிக்குள் கடற்கரையில் இருந்தால் மீன் இறங்குவது கிடைக்கும். பிறகு தெற்கே ஆலப்புழை, நெடுமுடிப் படகு, சாப்பாடு. வெயில் தாழ்ந்ததும் கால்வாய் ஓரம் மேற்கே நடந்தால் கலங்கரை விளக்கத்தில் ஏறவும் நேரம் இருக்கும். மூடும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கள் இருவருக்கும் சாப்பாடு உட்பட ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

ஜூன், ஜூலையில் வருகிறீர்கள் என்றால் அர்த்துங்கலை விட்டுவிட்டு ஆலப்புழைக்குத் தெற்கே அம்பலப்புழை, புறக்காடு பக்கம் போங்கள். மழைக்காலத்தில் அங்கே சாகரை தோன்றும் வாய்ப்பு உண்டு. கடலடிச் சேறு கலங்கி மிதந்து அலையை அமுக்கிவிடும். மற்ற இடத்தில் கடல் கொதிக்கும்போது அந்தத் துண்டு மட்டும் குளம் மாதிரி கிடக்கும், மீனும் அங்கே கூடும். ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை விசைப்படகு இழுவலைக்குத் தடை, நாட்டு வள்ளங்களுக்குத் தடை இல்லை. அந்தச் சமயத்தில் கரை நிறைய ஆள் இருக்குமாம். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

அம்மா அடுத்த தடவை ஐஸ் பெட்டியோடு வருகிறாளாம். சாளையோடு பஸ்ஸில் ஏற்றுவார்களா என்று யாருக்காவது தெரிந்தால் கீழே சொல்லுங்கள்.