திறமை தானாக வெளிவருமா?

கேள்வி: ஆங்கிலப் பாடகி வாஷ்டி பன்யன் 1970-இல் வெளியிட்ட இசைத்தட்டை அன்று யாரும் சீண்டவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து அதையே உலகம் கொண்டாடியது. உண்மையான திறமை என்றாவது ஒருநாள் வெளிவந்தே தீரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? விளம்பரத்தின் பின்னால் ஓடும் இன்றைய கிட்டார் பாடகர்கள் இவரிடம் பொறுமையைக் கற்றுக்கொள்ள வேண்டாமா?

பதில்: வேண்டும், வேறு சான்றுதான் வேண்டும். நீங்கள் அழைத்து வந்திருக்கும் சாட்சி எதிர்க்கட்சிக்காரர்.

பொறுமையிலிருந்தே தொடங்குவோம். 1945-இல் பிறந்த பன்யன், ஆக்ஸ்போர்டு ஓவியப் பள்ளியில் சேர்ந்து, வகுப்புக்குப் போகாமல் பாட்டும் கிட்டாருமாகத் திரிந்ததற்காக வெளியேற்றப்பட்டவர். பாப் பாடகி ஆக வேண்டும், வானொலியில் தன் குரல் ஒலிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. உங்கள் கணக்கில் அவரும் விளம்பரத்தின் பின்னால் ஓடியவர்தான். ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் மேலாளராக இருந்த ஆண்ட்ரூ லூக் ஓல்டம் 1965-இல் அவரை வைத்து டெக்கா நிறுவனத்துக்கு ஓர் இசைத்தட்டு தயாரித்தார். முதல் பக்கத்தில் அந்தக் குழுவின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் எழுதிய பாட்டு. பன்யன் தானே எழுதிய பாட்டுக்கு மறுபக்கம்தான் கிடைத்தது. ஓடவில்லை. அடுத்த ஆண்டு இன்னொன்று வந்தது, அதுவும் ஓடவில்லை. அதற்குப் பின் பதிவு செய்தவற்றில் எதுவும் அவர் பெயரில் தனித் தட்டாக வரவில்லை.

1968-இல் நகரமே வேண்டாம் என்று நண்பர் ராபர்ட் லூயிஸுடன் ஒரு குதிரை வண்டியில் கிளம்பினார். பாடகர் டோனவன், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பக்கம் நிலம் வாங்கிக் கலைஞர்களைக் குடியமர்த்தப்போகிறார் என்று பேச்சு. இவர்கள் குதிரையின் வேகத்தில் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. விடாமல் இன்னும் மேற்கே பெர்னரே தீவு வரை போனார்கள். இந்தக் குதிரை வண்டியில்தான் எல்லோரும் மயங்கி விழுகிறார்கள். மழையிலும் குளிரிலும் கையில் காசில்லாமல் மாதக்கணக்கில் சாலையோரம் வாழ்வது, இசைத்தட்டின் உறையில் பார்க்கத்தான் அழகு. ஆனால் பாட்டுகள் அங்கேதான் பிறந்தன என்பதை மறுக்க முடியாது.

தயாரிப்பாளர் ஜோ பாய்ட் அவற்றை 1969-இன் இறுதியில் லண்டனில் பதிவு செய்தார். ஃபேர்போர்ட் கன்வென்ஷன், இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட் குழுக்களின் கலைஞர்கள் உடன் வாசித்தார்கள். சில பாட்டுகளுக்கு வாத்திய இசை அமைத்தவர் ராபர்ட் கிர்பி. தொடக்கப் பாட்டான ‘டயமண்ட் டே’யைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடம்கூட ஓடாது. மெல்ல மீட்டும் கிட்டார், அதையொட்டிக் குழல்கள், பக்கத்து அறையில் குழந்தை தூங்குவது போன்ற கவனத்தோடு ஒரு குரல். எந்த இடத்திலும் குரல் உயராது, ‘என்னைக் கவனி’ என்று கேட்காது. 1970 டிசம்பரில் பிலிப்ஸ் நிறுவனம் அந்த இசைத்தட்டை வெளியிட்டபோது யாரும் கவனிக்கவும் இல்லை. சில நூறு பிரதிகள் விற்றிருந்தால் அதிகம்.

அதற்குப் பிறகு அவர் காத்திருக்கவில்லை ஐயா, விட்டுவிட்டார். கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் வாழ்ந்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்தார், விலங்குகளைப் பேணினார். தன் பாட்டைத் தோல்வி என்றே முடிவுகட்டியிருந்தார். இருபத்தைந்து வயதில் ஒருவர் மனம் கசந்து தொழிலை விடுவதற்குப் பெயர் பொறுமை என்றால், அந்தப் பாடத்தை நான் எந்த இளைஞருக்கும் சொல்லித்தரத் தயாராக இல்லை.

அடுத்து, ‘வெளிவந்தே தீரும்’ என்கிறீர்கள். எப்படி வந்தது? 1997-இல் அவர் இணையத்தில் தன் பெயரைத் தானே தட்டிப் பார்த்தார். பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்கள் தன் தட்டுக்காக அலைவதையும், நல்ல விலை கொடுப்பதையும் கண்டார். பாட்டின் உரிமை யாரிடம், மூல ஒலிநாடா எங்கே என்று விசாரித்து, 2000-இல் மறுபதிப்பு வந்தது. இதில் திறமை தானாகச் செய்த வேலை எது? 1969-இல் ஒருவர் பணம் போட்டு ஒலிப்பதிவுக் கூடத்தை எடுத்தார். ஒரு நிறுவனம் தட்டுகளை அச்சிட்டது. வாங்கிய சிலர் குப்பையில் போடாமல் வைத்திருந்தார்கள். நாடா கெட்டுப்போகவில்லை. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும், அதே குரல், அதே விரல்கள், அதே பாட்டுகள் இருந்தும் நீங்கள் எனக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். கண்ணி அறுந்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியாதே, பட்டியல் போடுவதற்கு!

சந்தேகமிருந்தால் அதே ஜோ பாய்ட், அதே கிர்பி சம்பந்தப்பட்ட இன்னொருவரைப் பாருங்கள்: நிக் டிரேக். கிட்டாரின் தந்திகளைப் பாட்டுக்குப் பாட்டு வேறுவேறு சுருதியில் மாற்றிக் கட்டி வாசித்தவர். 1969 முதல் 1972-க்குள் மூன்று ஆல்பங்கள். அவர் இருந்தவரை எதுவும் ஐயாயிரம் பிரதிகளைத் தாண்டவில்லை என்பார்கள். மேடை ஏறக் கூசியவர். மன அழுத்தத்தில் நொடிந்து, அதற்கு எடுத்துவந்த மாத்திரை அளவு மீறியதில் 1974-இல் இறந்தபோது வயது 26. ஆனால் பாய்ட் தன் நிறுவனத்தை ஐலண்ட் நிறுவனத்துக்கு விற்றபோது ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: டிரேக்கின் ஆல்பங்களை ஒருபோதும் விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது. பின்னால் வந்த தலைமுறை கடைக்குப் போய்க் கேட்டால் கிடைத்ததற்கு ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரியும் காரணம். அது போதவில்லை என்று 1999-இல் வோக்ஸ்வாகன் கார் விளம்பரம் ஒன்றில் டிரேக்கின் ‘பிங்க் மூன்’ பாட்டு ஒலித்தது. விற்பனை எகிறியது. நீங்கள் முகம் சுளிக்கும் அதே விளம்பரம்தான். பன்யனின் ‘டயமண்ட் டே’யையும் பின்னாளில் ஒரு செல்பேசி விளம்பரம்தான் வீடு வீடாகக் கொண்டுபோனது.

அமெரிக்காவின் கானி கன்வெர்ஸ் கதை இன்னும் கொடியது. 1950-களில் நண்பர் ஒருவர் வீட்டில் வைத்திருந்த டேப் ரெக்கார்டரில் கிட்டாரோடு பாடிய பாட்டுகள். இசைத்தட்டு எதுவும் வரவில்லை. 1974-இல் காரில் கிளம்பிப் போனவர் திரும்பவே இல்லை. அந்த நண்பர் நாடாவைப் பத்திரமாக வைத்திருந்ததால் 2009-இல் ஆல்பம் வந்தது. திறமை வெளிவந்துவிட்டது, சரி. யாருக்குப் பயன்?

பன்யனுக்காவது கேட்கக் கொடுத்துவைத்தது. 2005-இல், முப்பத்தைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின், இரண்டாவது ஆல்பமான ‘லுக்ஆஃப்டரிங்’ வந்தது. தயாரித்தவர் மாக்ஸ் ரிக்டர். டெவேந்திரா பன்ஹார்ட், ஜோவன்னா நியூசம் போன்ற இளைய இண்டி ஃபோக் (நாட்டுப்புறச் சாயலில் சுயேச்சையாகப் பாடும்) கலைஞர்கள் வந்து வாசித்தார்கள். அவர்களுக்கு இவர் ஞானத்தாய். இவரோ, தன்னை ஃபோக் பாடகி என்று அழைப்பதையே விரும்பாதவர். 2014-இல் வந்த ‘ஹார்ட்லீப்’ ஆல்பத்தின் பெரும்பகுதியை வீட்டிலேயே கணினியில் தானே பதிவு செய்து, வாத்திய இசையையும் தானே அமைத்தார். அறுபது வயதுக்கு மேல் ஒருவர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது ஏன் என்று யோசியுங்கள். இருபது வயதில் தன் பாட்டு எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்பதை அடுத்தவர் முடிவு செய்ததை மறந்திருக்க மாட்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான். குதிரை வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஒரு பெண் தன் பாட்டைத் தானே பதிவு செய்து, தானே வெளியிட்டு, ‘கேளுங்கள், வாங்குங்கள்’ என்று கூச்சத்தை விட்டுக் கேட்டால் அது உங்களுக்கு ஓட்டமாகத் தெரிகிறது. 1970-இல் பன்யனுக்காக அப்படிக் கேட்க ஆள் இல்லை. கேட்டிருந்தாலும், ‘திறமை இருந்தால் தானே வரும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லியிருக்கக்கூடியவர்கள் அன்றும் நிறைய இருந்திருப்பார்கள். பெயர் தெரியாத ஒரு பாடகரின் ஆல்பத்தையோ நிகழ்ச்சி டிக்கெட்டையோ நீங்கள் கடைசியாகக் காசு கொடுத்து வாங்கியது எப்போது? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.