டெலிவரி இலவசம், பில்தான் ஏறுகிறது

கேள்வி: வணக்கம் ஐயா. சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறோம். இருவரும் வேலைக்குப் போகிறோம், இரண்டு பிள்ளைகள். சின்னவளுக்கு இன்னும் டயப்பர் நிற்கவில்லை. முன்பெல்லாம் ஞாயிறு காலை தேக்கா சந்தைக்குப் போய், ட்ராலியை இழுத்துக்கொண்டு வீடு திரும்புவதற்குள் இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். இந்த வருடம் எல்லாவற்றையும் ஃபோனிலேயே வாங்குகிறேன். நேரமும் காசும் மிச்சம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மாதக் கடைசியில் கையில் நிற்பது முன்பைவிடக் குறைவு. போன மாதம் வாங்கியவற்றின் பட்டியலை இணைத்திருக்கிறேன். இன்னொன்று: நவம்பர் 11 அன்று வரும் 11.11 ஆன்லைன் விற்பனையில் வெளிநாட்டுத் தளம் ஒன்று மிக்ஸியை 168 வெள்ளிக்குத் தருகிறது. சிராங்கூன் சாலைக் கடையில் அதே மாடல் 189 வெள்ளி. வாங்கிவிடவா?

பதில்: முதலில் மிக்ஸி. 168 வெள்ளியோடு கணக்கு முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு முன்பு பொருள் சேவை வரி கிடையாது. 2023 ஜனவரியிலிருந்து பெரிய தளங்கள் அதற்கும் வரி வசூலிக்கின்றன. 2024 முதல் அது 9 விழுக்காடு. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால்தான் பல தளங்களில் அது கண்ணில் படும். 168-க்கு வரி 15 வெள்ளி 12 காசு, ஆக 183.12. தளம் வெளிநாட்டு நாணயத்தில் பணம் எடுத்தால் உங்கள் கிரெடிட் கார்டு அதற்கும் ஒரு கட்டணம் போடும். பல கார்டுகளில் அது 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 3.25 என்று வைத்தால் இன்னும் 5.95. மொத்தம் 189 வெள்ளி 7 காசு. சிராங்கூன் சாலைக் கடையைவிட ஏழு காசு அதிகம்! ஜாரில் பிளேடு மழுங்கினால் யாரிடம் எடுத்துக்கொண்டு போவீர்கள்? கடையிலேயே வாங்குங்கள்.

இனி உங்கள் பட்டியல். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 23 ஆர்டர், 612 வெள்ளி. அரிசி, எண்ணெய், சலவைத் தூள், டயப்பர் எல்லாம் சேர்ந்து 268 வெள்ளி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எடை அதிகமானவை, சீக்கிரம் கெட்டுப்போகாதவை, எந்த பிராண்டு என்பதும் முன்பே தெரிந்தவை. இவற்றை எம்ஆர்டி ரயிலில் சுமந்துவர வேண்டிய தலையெழுத்து யாருக்கும் வேண்டாம்.

என் பென்சில் நின்றது வேறு இடத்தில். மகனின் ஸ்கூல் ஷூ வாங்கிய அன்று, அதே ஆர்டரில் மைக்ரோஃபைபர் துணி ஒரு கட்டு. கெட்டில் வாங்கிய அன்று சிலிக்கான் மூடி ஆறு. இப்படி ஏழு ஆர்டர்களில், இலவச டெலிவரிக்கான குறைந்தபட்சத் தொகையை எட்டுவதற்காக எதையோ ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். அவற்றின் விலை மட்டும் 74 வெள்ளி. ஏழு டெலிவரிக்கும் காசு கொடுத்திருந்தால், ஒன்றுக்கு 1.99 வீதம் 13.93 ஆகியிருக்கும். பதினாலு வெள்ளியை மிச்சப்படுத்த எழுபத்து நாலு வெள்ளி! (சிரிக்க எனக்குத் தகுதியில்லை. அதே சிலிக்கான் மூடி எங்கள் வீட்டு அலமாரியிலும் பிரிக்காமல் கிடக்கிறது.)

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். உங்கள் ஃபோனில் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போகிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன், நினைவிருக்கிறதா? ஷாப்பிங் செயலிகளில் மட்டும் வாரத்துக்கு 3 மணி 40 நிமிடம் என்று பதில் போட்டீர்கள். தேக்காவுக்கு ஆனது இரண்டரை மணி. அங்கே மீன்கார அக்காவிடம் நாலு வார்த்தை பேசியதும் அதற்குள் அடக்கம்.

ஆன்லைனை விட்டுவிடச் சொல்லவில்லை. 23 ஆர்டரை இரண்டாகக் குறையுங்கள். சம்பளம் வந்த வாரத்தில் ஒன்று, மாத நடுவில் ஒன்று. நடுவில் எது தீர்ந்தாலும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுதிவையுங்கள். தாளில் இல்லாதது கூடைக்குள் போகக் கூடாது. இரண்டே ஆர்டர் என்றால் குறைந்தபட்சத் தொகையை அரிசியும் டயப்பருமே தாண்டிவிடும். செயலியின் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள், சேமித்துவைத்த கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பதினாறு எண்ணைத் தட்டுவதற்குள் பாதி ஆசை அடங்கிவிடும்.

விலையை ஒப்பிட, சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்தின் ‘பிரைஸ் காக்கி’ செயலி இருக்கிறது. பேரங்காடிகளில் என்ன விலை என்று அதில் பார்த்துவிட்டு ஆன்லைன் விலையைப் பாருங்கள். பாக்கெட் விலையை விட்டுவிட்டு கிலோ விலையைப் பார்க்கவேண்டும். விற்பனை நாளில் வாங்க நினைப்பதை மூன்று வாரம் முன்பே கூடையில் போட்டு ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். ‘50% தள்ளுபடி’ எந்த விலையிலிருந்து என்பது அப்போது தெரியும்.

கெட்டிலை மூன்று தவணையில் வாங்கியிருக்கிறீர்கள். 39 வெள்ளிக்குத் தவணையா? இப்படி ‘இப்போது வாங்கி பிறகு கட்டும்’ சேவைகளில், கூடுதல் மதிப்பீடு இல்லாமல் ஒரு நிறுவனத்திடம் 2,000 வெள்ளி வரை பாக்கி வைக்கலாம். மூன்று நிறுவனம் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இருப்பதைக் கட்டி முடித்துவிட்டு அந்த வசதியையே மூடிவிடுங்கள்.

மீன், கீரை, கறிவேப்பிலை எல்லாம் பழையபடி நேரில்தான். வாரா வாரம் தேக்கா வேண்டாம். மாதம் இருமுறை போதும், மற்ற வாரம் வீட்டருகே உள்ள ஈரச்சந்தை. வீடுகளுக்கு அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டு ஷாப்பிங் செயலியில் செல்லாது, அதை ஏற்கும் காய்கறிக் கடைகளில் செல்லும். உங்கள் வீட்டுப் பற்றுச்சீட்டில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று இன்றே பாருங்கள்.

அப்புறம், கிலோவுக்குப் பத்து காசு குறைகிறது என்று பட்டியலில் 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று இருந்ததே. நம் ஊர்ப் புழுக்கத்தில், நாலு பேர் வீட்டில் அது தீர்வதற்குள் வண்டு வந்துவிடும். அடுத்த முறை 10 கிலோ.