பழைய வீட்டுக்கு வெளிச்சம்: கடலோரக் கேள்விகளும் பதில்களும்

கீழக்கரையிலிருந்து: காக்கா, வாப்பா பிறந்த சுண்ணாம்புச் சுவர் வீடு. பகலிலும் லைட் போட வேண்டியிருக்கிறது. நடுச்சுவரை இடித்து, கூடத்தையும் அடுப்படியையும் ஒரே ஹாலாக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. அந்தச் சுவர் எதைத் தாங்கி நிற்கிறது என்று முதலில் பாருங்கள். மெட்ராஸ் டெரஸின் (மரக்கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய மொட்டை மாடி) கட்டைகளோ உத்திரமோ அதில் வந்து இறங்கினால் அது பாரம் தாங்கும் சுவர். முழுசாக எடுக்கவே கூடாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொன்ன பிறகு, முட்டுக் கொடுத்து, பீம் போட்டு, அளவான திறப்பு எடுக்கலாம். சரி, இருட்டுக்குக் காரணம் சுவர்தானா? நம் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றத்தை ஷீட் போட்டு மூடிவிடுகிறார்கள். வெளிச்சம் வரும் வழியும் சூடு மேலேறிப் போகும் வழியும் அத்தோடு அடைபடுகின்றன. உங்கள் வீட்டிலும் மூடியிருந்தால் அதை முதலில் திறங்கள். மழைக்குப் பயமென்றால் கூரை மட்டத்துக்கு மேலே ஒன்றரை அடி உயர்த்தி உடைந்தாலும் சிதறி விழாத லேமினேட்டட் கண்ணாடி போட்டு, சுற்றிலும் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். இடைவெளி இல்லாமல் மூடினால் சித்திரை வெயிலில் கூடத்தில் உட்கார முடியாது. பாதி வீடுகளுக்குச் சுவரைத் தொடாமலே இது போதும் என்பது என் எண்ணம்.

மண்டபத்திலிருந்து: வடகடலைப் பார்த்துப் பெரிய ஜன்னல் வைக்க ஆசை அண்ணே. எந்த ஃப்ரேம் போடலாம்?

பதில்: யுபிவிசி, அதாவது துருப்பிடிக்காத கெட்டி பிளாஸ்டிக் ஃப்ரேம். கம்பி வேண்டுமென்றால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் மாலிப்டினம் இருப்பதால் 304-ஐவிட உப்புக்காற்றைத் தாங்கும். வடக்கு வெளிச்சம் கண் கூசாது, நல்ல திசைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று சாரலை நேரே உள்ளே அடிக்கும். இரண்டடி சன்ஷேடு வையுங்கள், ஒரே பெரிய கண்ணாடியாக இல்லாமல் பிரித்துப் போடுங்கள். 1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயல் வந்த கடற்கரை இது. கடலுக்கு அருகில் என்பதால், கட்டடத்தை விரிவாக்கும் முன் சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டல) அனுமதி தேவையா என்றும் விசாரித்துவிடுங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: எங்கள் போர் தண்ணீர் உப்பு. புது பீமுக்கு அதை ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. உப்பு கம்பியை அரித்து, வீங்கவைத்து, கான்கிரீட்டை வெடிக்கச் செய்யும். நல்ல தண்ணீர் லாரிக்குச் செலவழியுங்கள். கடலோரத்துக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி சொல்வது குறைந்தது எம்30 என்ற வலிமை ரகக் கான்கிரீட், கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர். மேஸ்திரி ‘ஒரு இஞ்ச் போதும்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பெரியபட்டினத்திலிருந்து: சுண்ணாம்புச் சுவரில் பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிடலாமா? சுவரில் விழுந்த பவளக்கல்லுக்குப் பதில் புதிது கிடைக்குமா?

பதில்: சிமெண்ட் வேண்டாம் அக்கா. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல், உப்பு பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். சுண்ணாம்பே பூசுங்கள். கடலிலிருந்து பவளப்பாறை எடுப்பது சட்டப்படி குற்றம். விழுந்த கல்லையே கழுவித் திரும்ப வையுங்கள். உடைந்திருந்தால் அந்த இடத்தில் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டலாம்.