தேவதையின் பெயரில் ஒரு தைலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கிரேக்கத் தேவதை அஃப்ரோடைட்டியின் பெயரில் விற்கப்படும் இயற்கை வாசனைத் தைலம் ஒன்று எனக்குப் பரிசாக வந்தது. ரோஜா, மிர்ட்டில், லாப்டனம், வெள்ளைப்போளம், பெர்கமோட், வனிலா ஆகியவை சேர்ந்தது என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்தப் பொருள்களுக்கும் அந்தத் தேவதைக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது எல்லாம் விற்பனைக்காகக் கட்டிய கதைதானா?

பதில்: பாதிக்கு மேல் உண்மை; மற்றது வணிகம். ரோஜாவுக்கான சான்றுதான் மிகப் பழையது. ஹோமரின் இலியட் காவியத்தின் 23-ஆம் பகுதியில், போரில் கொல்லப்பட்ட டிராய் இளவரசன் ஹெக்டரின் உடலை நாய்கள் தீண்டாதபடி இரவும் பகலும் காவல் காத்து, ரோஜா மணக்கும் தெய்வீகத் தைலத்தை அதன்மேல் பூசுகிறவள் அஃப்ரோடைட்டி. காதலுக்குரியவள் என்று நாம் அறிந்த தேவதையின் தைலம் அங்கே ஒரு சடலத்தைக் காக்கப் பயன்படுகிறது. எந்த விளம்பரமும் இதைச் சொல்வதில்லை. ஒடிசியின் 8-ஆம் பகுதியிலோ அவள் சைப்ரஸ் தீவின் பாஃபோஸ் நகருக்குச் செல்கிறாள். நறுமணப் புகை எழும் பலிபீடம் அங்கே அவளுக்கு உண்டு. தோழியர் அவளை நீராட்டித் தைலம் பூசுகின்றனர்.

மிர்ட்டில் அவளுக்கே உரிய செடியாகக் கருதப்பட்டது. வெள்ளைப்போளத்தின் தொடர்பு சற்றுச் சுற்றி வருகிறது: அவள் காதலித்த அடோனிஸின் தாய் மிர்ரா, அந்தப் பிசினைச் சொரியும் மரமாக மாறினாள் என்பது புராணம். லாப்டனம் தேவதையைவிட அவளுடைய தீவுக்கு நெருக்கமானது. சைப்ரஸிலும் கிரீட்டிலும் வளரும் சிஸ்டஸ் என்ற புதர்ச்செடியின் இலைகளில் சுரக்கும் பிசின் அது. புதர்களுக்கிடையே மேயும் ஆடுகளின் தாடியில் ஒட்டிக்கொள்வதை எடுத்துச் சேர்ப்பார்கள் என்று பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அரேபியாவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் எழுதியிருக்கிறார். கிரீட்டில் தோல்வார்கள் கட்டிய வாரியால் செடியை அடித்து இன்றும் எடுக்கிறார்கள். 1917-இல் பிரான்சில் ஃபிரான்சுவா கோட்டி வெளியிட்ட ‘ஷீப்ர்’ தைலம் சைப்ரஸின் பிரெஞ்சுப் பெயரையே தாங்கி வந்தது. லாப்டனம், ஓக் மரப்பாசி, பெர்கமோட் மூன்றும் சேர்ந்த அதன் அமைப்பிலிருந்து ஒரு முழு வாசனைக் குடும்பமே கிளைத்தது.

உங்கள் பெட்டியில் பொருந்தாதவை பெர்கமோட்டும் வனிலாவும். பெர்கமோட் பிற்காலத்தில் தோன்றிய கலப்பின எலுமிச்சை வகை. வனிலா அமெரிக்கக் கண்டத்துக் கொடி. 16-ஆம் நூற்றாண்டுக்கு முன் ஐரோப்பாவில் எவரும் அதை முகர்ந்திருக்க வழியில்லை. இவை சேர்ந்ததால் தைலம் கெட்டுவிடாது, ஆனால் ‘பழங்காலக் குறிப்பின்படி’ என்று அச்சிட்டிருந்தால் அது பொய்.

கேள்வி: மதுசாரமோ நவீனக் கருவிகளோ இல்லாத அக்காலத்தில் மலரின் மணத்தை எப்படிப் பிரித்தெடுத்தார்கள்?

பதில்: பிரித்தெடுக்கவில்லை; எண்ணெயில் ஏற்றினார்கள். கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த, கி.மு. 1200-ஐ ஒட்டிய களிமண் பலகைகளில் ரோஜா மணமும் சேஜ் இலையின் மணமும் ஏற்றிய எண்ணெய்களுக்குக் கணக்கு இருக்கிறது. தைலம் காய்ச்சுபவர் ஒருவருக்குக் கொத்தமல்லி விதை, கோரைக்கிழங்கு, தேன், திராட்சை மது, கம்பளி ஆகியவை அளந்து கொடுக்கப்பட்டதையும் ஒரு பலகை பதிவு செய்கிறது.

செய்முறையின் நுட்பம், முதலில் எண்ணெயைப் பக்குவப்படுத்துவதில் இருந்தது. எலுமிச்சைப் புல்லின் இனத்தைச் சேர்ந்த வாசனைப் புல் முதலிய துவர்ப்புப் பொருள்களை இட்டுக் காய்ச்சினால், பின்னர் இடும் மலரின் மணத்தை எண்ணெய் நன்றாகப் பற்றிக்கொள்ளும் என்று கருதினார்கள். கி.பி. முதல் நூற்றாண்டு மருத்துவர் டயஸ்கோரிடிஸ் தரும் ரோஜாத் தைலக் குறிப்பில், அவ்வாறு காய்ச்சி வடித்த எண்ணெயில் ஈரமில்லாத 1000 ரோஜாக்களின் இதழ்களை இட்டு, கைகளில் தேன் பூசிக்கொண்டு மெல்லப் பிசைந்து, ஓர் இரவு ஊறவிட்டுப் பிழிய வேண்டும். அதே எண்ணெயில் புதிய இதழ்களை மீண்டும் மீண்டும் இட்டு மணத்தைக் கூட்டலாம். எந்த எண்ணெய் என்பதிலும் அவர்கள் கறாராக இருந்தார்கள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் பிறந்த தியோஃப்ராஸ்டஸ், அரிஸ்டாட்டிலின் மாணவர், வாசனைகளுக்கென்றே தனி நூல் எழுதியவர். ரோஜாவின் மணத்தை எள்ளெண்ணெய் மிக நன்றாக ஏற்கும் என்கிறார். நெடுநாள் கெடாத எண்ணெய் என்று அவர் சிறப்பித்துச் சொல்வது, முருங்கை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் விதையிலிருந்து எடுத்ததாகக் கருதப்படுகிறது.

சைப்ரஸின் பிர்கோஸில் இத்தாலியத் தொல்லியலாளர் மரியா ரோசாரியா பெல்ஜோர்னோ அகழ்ந்த, ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழைமையான தைலப் பட்டறையைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். நிலநடுக்கத்தில் இடிந்து புதைந்த அந்த இடத்தின் கண்டுபிடிப்புகள் 2007-இல் ரோமில் அஃப்ரோடைட்டியின் பெயரால் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் பாஃபோஸில் அவளுடைய கோயில் எழுந்ததே கி.மு. 12-ஆம் நூற்றாண்டில்தான், பட்டறை அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. அங்கே ஆவியாக்கி வடித்தலும் நடந்ததென்று பெல்ஜோர்னோ கருதுகிறார். பின்னால் வந்த தியோஃப்ராஸ்டஸும் டயஸ்கோரிடிஸும் எண்ணெயில் ஊறவைக்கும் முறையையே விரிவாகச் சொல்வதால், அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

கேள்வி: இயற்கைத் தைலம் இரண்டு மணி நேரம்கூட நிற்பதில்லை. ஏமாற்றப்படுகிறோமா?

பதில்: இல்லை, அதன் இயல்பே அதுதான். பெர்கமோட் போன்றவற்றின் சிறிய மூலக்கூறுகள் விரைவில் ஆவியாகிவிடும். மலர் மணம் சற்று நிற்கும். லாப்டனம், வெள்ளைப்போளம் போன்ற பிசின்களே கடைசி வரை தங்கும். நாள் முழுதும் வீசும் மணத்துக்குப் பெரும்பாலும் செயற்கைக் கஸ்தூரிகளே காரணம். தியோஃப்ராஸ்டஸே ரோஜாத் தைலத்தை மெல்லியது என்றும், வெள்ளைப்போளத் தைலத்தை வலுவானது, நெடுநேரம் நிற்பது என்றும் பிரிக்கிறார். தைலம் மணிக்கட்டிலிருந்துதான் மிக இனிமையாக மணக்கிறது என்பதும் அவர் குறித்துவைத்ததே. எனவே பிசின் மிகுந்த தைலத்தைத் தேர்ந்து, மணிக்கட்டில் இட்டுத் தேய்க்காமல் விடுங்கள்.

கேள்வி: தைலத்தை எங்கே வைப்பது?

பதில்: வெயிலும் வெப்பமும் படாத இடத்தில். கிரேக்க வணிகர்கள் நிழலான மாடியறைகளைத் தேடினார்கள்; ஈயக் கலங்களிலும் அலபாஸ்டர் என்ற மென்கல்லில் செய்த கலங்களிலும் வைத்தார்கள். ஈயத்தை மட்டும் அவர்களோடு விட்டுவிடுங்கள். அடர்நிறக் கண்ணாடிக் குப்பி போதும்.

கேள்வி: ‘இயற்கை’ என்ற சொல்லை நம்பி ஒவ்வாமை உள்ளவர்கள் வாங்கலாமா?

பதில்: அந்தச் சொல்லை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. இயற்கையான வாசனை மூலப்பொருள் எது என்பதை ஐ.எஸ்.ஓ. 9235 என்ற தரநிலை வரையறுக்கிறது. மலரில் உள்ள அதே மூலக்கூறை ஆலையில் செய்தால் அது அதில் சேராது. வடித்தெடுத்த ஒரு கிலோ ரோஜாத் தைலத்துக்கு 3000 முதல் 5000 கிலோ இதழ்கள் வரை தேவைப்படும். ஆகவே மலிவாகக் கிடைக்கும் தைலத்தில் ‘தூய ரோஜா’ என்றிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒவ்வாமை என்பது தனிக் கேள்வி. ரோஜாவில் உள்ள ஜெரானியோல், சிட்ரோனெல்லோல் என்ற மணப்பொருள்கள் இயற்கையானவை. அவையே சிலருக்கு அரிப்பையும் தரும். ஐரோப்பிய ஒன்றியம் பெட்டியில் தனியே அச்சிடச் சொல்லும் ஒவ்வாமைப் பொருள்களுள் இவ்விரண்டும் உண்டு. அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, முழங்கையின் உட்புறத்தில் சிறிது இட்டு ஓரிரு நாள் பாருங்கள். பெர்கமோட் எண்ணெயில் இயல்பாக உள்ள பெர்காப்டென் வெயிலில் தோலைப் புண்ணாக்கவும் கருக்கவும் வல்லது. அது நீக்கப்பட்ட பெர்கமோட்தானா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை அந்தத் தைலத்தை உடையின் கீழ் மறையும் இடத்தில் மட்டும் பூசுங்கள்.