ஓ.ஆர்.எஸ்.ல சர்க்கரை எதுக்கு?

"சர்க்கரை போட்டா பேதி கூடும், வெறும் உப்புத் தண்ணி போதும்"னு மாமியார் சொல்றாங்க, பேதியாகிற குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கலக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா கலக்குங்க சகோதரி. அந்தச் சர்க்கரை ருசிக்காகப் போட்டது இல்லை.

குடல் செல்லைச் சுத்தியிருக்கிற சவ்வு ரெண்டு அடுக்குக் கொழுப்பு. நடுவுல எண்ணெய்ப் பசை. உப்புல இருக்கிற, மின்னூட்டம் உள்ள சோடியம் அதைத் தாண்டாது. சவ்வுல பதிஞ்சிருக்கிற புரதங்கள்தான் அதுக்கு வாசல். அதுல ஒண்ணு எஸ்.ஜி.எல்.டி.1. ரெண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் (பாக்கெட்ல இருக்கிற சர்க்கரை இதுதான்) சேர்ந்து வந்தாத்தான் உள்ளே விடும், ஆள் சேர்ந்தாத்தான் கிளம்புற ஷேர் ஆட்டோ மாதிரி. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகுதுன்னு 1960ல சொன்னவர் ராபர்ட் கிரேன்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி. உள்ளே வந்த சோடியத்தை மறுபக்கத்துப் பம்ப் ரத்தத்தை நோக்கித் தள்ளும், பின்னாலேயே தண்ணியும் போகும். காலராவுல கூட இந்த வாசல் அடைபடறதில்லை.

மாமியார் பேச்சிலயும் பாதி நியாயம் இருக்கு. சர்க்கரை மிஞ்சினா குடல்லயே தங்கி, உடம்புத் தண்ணியை அந்தப் பக்கம் இழுக்கும். கூல்டிரிங்க்ஸ் கொடுத்தா பேதி கூடறது அதனாலதான். 2002லிருந்து உலக சுகாதார நிறுவனத்தோட அளவு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம்.

அதனால 20.5 கிராம் பாக்கெட்னா முழுசா ஒரு லிட்டர் தண்ணியில போடுங்க, பொடியை டம்ளர் டம்ளரா பிரிச்சுக் கலக்காதீங்க. ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா ஊட்டுங்க. கண் குழி விழுந்தாலோ, மூத்திரம் குறைஞ்சாலோ, மலத்துல ரத்தம் வந்தாலோ உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க.