கார் ஷெட்டை மாமியாருக்கு அறையாக மாற்றலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் அரை கிரவுண்டில் எங்கள் வீடு. கீழே கார் ஷெட், மேலே இரண்டு மாடிகளில் நாங்கள். மாமியாருக்கு 76 வயது, முழங்கால் வலியால் படி ஏற முடியவில்லை. கார் ஷெட்டை அடைத்து அவருக்கு அறை கட்டிவிடலாம், காரைத் தெருவில் நிறுத்திக்கொள்ளலாம் என்கிறார் கணவர். மூன்று வாரத்தில் முடித்துத் தருவதாக மேஸ்திரி சொல்கிறார். செய்யலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: செய்யலாம் அம்மா, ஆனால் மேஸ்திரி சொல்கிற மாதிரி முன்பக்கம் ஒரு சுவர், ஒரு ஜன்னல், தரைக்கு டைல்ஸ் என்று முடித்துவிடக்கூடிய வேலை இல்லை இது.

ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் கார் ஷெட்டில் தண்ணீர் நின்றதா? முழங்கால் அளவுக்கு நின்றிருந்தால் இந்த யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி உங்களுடையது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, காரை அப்படி நகர்த்திவிடலாம், படி ஏற முடியாத ஒருவரை ராத்திரி ஒரு மணிக்கு, கரண்ட் இல்லாத நேரத்தில், மாடிக்கு எப்படித் தூக்கிக்கொண்டு போவீர்கள்?

தண்ணீர் வரவில்லை என்றால் மேலே பேசலாம். கார் ஷெட் தரை வேறு, வீட்டுத் தரை வேறு. தேசியக் கட்டட விதித் தொகுப்புப்படி கார் நிறுத்துமிடம் சுற்றியுள்ள தரையைவிட 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும், ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு 45 சென்டிமீட்டர் வேண்டும். அதாவது இன்னும் ஓர் அடி மண் கொட்டி உயர்த்தவேண்டும். உயர்த்தினால் கூரை உயரம் ஓர் அடி குறையும். அறைக்கு 2.75 மீட்டர், சுமார் 9 அடி உயரம் இருக்கவேண்டும் என்பது கணக்கு, கார் ஷெட்டே எட்டரை அடிதான் என்றால் மிஞ்சுவது ஏழரை அடி, அதில் மின்விசிறி மாட்டினால் கை தூக்கவே பயமாக இருக்கும். அப்புறம், தரையை உயர்த்தினால் வாசலில் படி வரும், படி ஏற முடியாததால்தானே இந்த ஏற்பாடே! அதற்குச் சாய்தளம் போடவேண்டும். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சக்கர நாற்காலிக்கான அளவு, ஒன்றரை அடி என்றால் 18 அடி. அரை கிரவுண்டில் அந்த இடம் உங்களுக்கு இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள்.

இன்னொன்று, சம்ப் எங்கே இருக்கிறது? சென்னையில் நிறைய வீடுகளில் கார் ஷெட்டுக்கு அடியில்தான் சம்ப்பும் மோட்டாரும், சில வீடுகளில் செப்டிக் டேங்க்கும்கூட. சம்ப் மூடி அறைக்குள் மாட்டிக்கொண்டால் லாரித் தண்ணீர் வரும்போதெல்லாம் கட்டிலை நகர்த்தி ஹோஸ் பைப்பை உள்ளே இழுக்கவேண்டும். செப்டிக் டேங்க் மூடி உள்ளே வந்துவிட்டால் அந்த அறையில் யாரும் படுக்கவே கூடாது, வாயு சேரும். ஈபி மீட்டர் பெட்டியும் அங்கே இருந்தால் அதையும் வெளியே மாற்றவேண்டும். மேஸ்திரியின் மூன்று வாரத்தில் இதெல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பாத்ரூம் இல்லாமல் அந்த அறை எதற்கும் உதவாது. தெருவில் மேலே மேலே ரோடு போட்டு வீடு பள்ளமாகியிருந்தால் பெருமழையில் சாக்கடை கழிப்பறை வழியாகத் திரும்பி வரும், அதனால் தண்ணீர் திரும்பாத வால்வு கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள்.

வரைபடத்தில் கார் நிறுத்துமிடம் என்று அனுமதி வாங்கியதை அறையாக்குவது அனுமதியை மீறுவதுதான். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இதற்கு நோட்டீஸ் கொடுக்கவும் சீல் வைக்கவும் பிரிவுகள் உண்டு. ‘எல்லாரும்தான் செய்கிறார்கள்’ என்பதை நம்பாதீர்கள், வீட்டை விற்கும்போதும் வங்கிக் கடன் கேட்கும்போதும் இது முன்னால் வந்து நிற்கும். உரிமம் பெற்ற ஒரு பொறியாளரிடம் திருத்திய வரைபடம் போட்டு அனுமதி கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை வேறு. சமையலறை, ஹால், டிவி, பேரப்பிள்ளைகள் எல்லாம் மேலே, அவர் மட்டும் கீழே. சாப்பாடு தட்டில் இறங்கி வரும், ஆள் இறங்கி வருவார்களா? ராத்திரி விழுந்தால் யாருக்குக் கேட்கும்? உங்கள் மாமியாரிடம் இதுவரை யாராவது கேட்டீர்களா என்று கடிதத்தில் தெரியவில்லை. கேளுங்கள், கணவர் கேட்பதைவிட நீங்கள் தனியாக உட்கார்ந்து கேட்டால் மனதில் இருப்பதைச் சொல்வார். அவரே விரும்பினால், யாராவது ஒருவர் தினமும் கீழே படுப்பது என்று முடிவு செய்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள். மேலேயே இருக்கிறேன் என்றால், படியோரமாகத் தண்டவாளம் போட்டு ஓடும் நாற்காலி லிஃப்ட் இப்போது சென்னையில் கிடைக்கிறது. படியின் அகலத்தை அளந்து அதற்கு விலை கேளுங்கள், மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்.