பேய்க்கு ஜோக் தெரியக் கூடாது: திகில்-நகைச்சுவை வெப்காமிக் பற்றிய கேள்வி பதில்

ஏழு வருடமாக ஒரே வெப்காமிக்கை (இணையத்தில் தொடராக வரும் சித்திரக்கதை) தனியாளாக எழுதி, வரைந்து, வெளியிட்டு வருகிறேன். ஒரு பழைய கட்டடத்தின் லிஃப்டில் வசிக்கும் பேயும், தினமும் அதில் ஏறி இறங்கும் மனிதர்களும்தான் கதை. 160 எபிசோட் தாண்டிவிட்டது. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன், தெரியாததை விட்டுவிடுகிறேன்.

கே: அக்கா, 300 எபிசோடுக்குக் கதை யோசித்து வைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

அதை அப்படியே வையுங்கள். அதே உலகத்தில் எட்டுப் பக்கத்தில் முடிகிற ஒரு சின்னக் கதையை முதலில் வரைந்து முடியுங்கள். ஒரு பக்கத்துக்கு உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது, எந்தக் கோணத்தை வரைய வராமல் தவிர்க்கிறீர்கள் என்பதெல்லாம் அந்த எட்டில் தெரிந்துவிடும். அப்புறம் ஒன்று: பத்து எபிசோட் முழுசாக முடித்துக் கையில் வைத்துக்கொள்ளாமல் முதல் எபிசோடை வெளியிடாதீர்கள். காய்ச்சல் வரும், வேலை மாறும், கை வலிக்கும். அந்தப் பத்துதான் உங்களைக் காப்பாற்றும்.

கே: பயத்தையும் சிரிப்பையும் ஒரே எபிசோடில் எப்படிச் சேர்க்கிறீர்கள்? நான் செய்தால் ஒன்று இன்னொன்றைக் கெடுத்துவிடுகிறது.

இன்றைக்கு வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. பயத்துக்கும் சிரிப்புக்கும் அடியில் இருப்பது ஒரே வேலைதான். வாசகர் ஒன்றை எதிர்பார்க்க வேண்டும், நாம் அதைத் தள்ளிப்போட வேண்டும், பிறகு வேறொன்றைக் கொடுக்க வேண்டும். அதனால் இரண்டும் ஒன்றின் இடத்தை இன்னொன்று சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். கெட்டுப்போவது எப்போது என்றால், இரண்டும் ஒரே கட்டத்துக்குள் முட்டிக்கொள்ளும்போது.

என் காமிக்கில் ஒரு காட்சியைச் சொல்கிறேன். நடுராத்திரி, ஒருவர் கையில் பிறந்தநாள் கேக்குடன் லிஃப்டில் ஏறுகிறார். கட்டடத்துக்கு ஆறு மாடிதான், ஆனால் பலகையில் ஏழு எரிகிறது. கதவு திறக்கிறது. வெளியே இருட்டு, அதற்குள் தரையோடு தரையாக ஒரு கை. அடுத்த கட்டத்தில் அவர் கேக்கைப் பார்க்கிறார். அதற்கடுத்ததில் கையைப் பார்க்கிறார். பிறகு மெதுவாக, "மன்னிக்கணும், பார்ட்டி நாலாவது மாடியில்" என்கிறார். சிரிப்பு வருவது அந்த மனிதரிடமிருந்துதான். அவருடைய மரியாதை, அசட்டுத்தனம், பயத்திலும் கேக்கை விடாத கை, இதெல்லாம்தான் சிரிக்க வைக்கிறது. பேய் ஒரு நொடிகூட விளையாடவில்லை. இந்தத் துறையில் நான் உறுதியாக நம்புகிற ஒன்று இது: பேய்க்கு ஜோக் தெரியக் கூடாது. பேய் கண்ணடித்துவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து அது எவரையும் ஒன்றும் செய்யாது என்று வாசகருக்குத் தெரிந்துபோகும், பிறகு நீங்கள் எத்தனை இருட்டு வரைந்தாலும் பயம் திரும்பி வராது.

இன்னொன்று, இடைவெளி. அச்சுப் புத்தகத்தில் வலது பக்கத்தின் கடைசிக் கட்டம் வரை கதவை மூடியே வைத்திருந்து, பக்கம் புரட்டியதும் திறக்கலாம். மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கிற காமிக்கில் புரட்டலே கிடையாது, அதன் வேலையை வெற்றிடம் செய்ய வேண்டும். திரைக்கு ஓரம் கிடையாது, எந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டே போகலாம் என்ற 'எல்லையற்ற கான்வாஸ்' கருத்தைக் காமிக் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட் 2000-லேயே எழுதினார். திகிலுக்கு அது பெரிய வரம். ஒரு திரை உயரத்துக்கு வெறும் கறுப்பை விடுங்கள், வாசகரின் கட்டைவிரல் தானாகத் தயங்கும். ஆனால் எபிசோடுக்கு ஒருமுறைதான். இரண்டாவது தடவை எரிச்சல்தான் வரும்.

கே: எந்த அளவில் வரைய வேண்டும்?

யாரும் தங்கள் காமிக்கைத் தாங்களே வெளியிடக்கூடிய வெப்டூன் கேன்வாஸ் தளத்தில் படத்தின் அகலம் 800 பிக்சல், ஒரு துண்டின் உயரம் 1280 வரை. ஆனால் 800-லேயே வரைந்துவிடாதீர்கள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும், 800 பிக்சலை அப்படி அச்சடித்தால் ஏழு சென்டிமீட்டர்கூட வராது. நான் 2400 அகலத்தில் வரைந்து, வெளியிடும்போது மூன்றில் ஒன்றாகச் சுருக்குகிறேன். பின்னாளில் புத்தகம் போடுகிற எண்ணம் துளியும் இல்லை என்றாலும் இப்படியே செய்யுங்கள், எண்ணம் மாறும்.

கே: எந்த டேப்லெட் வாங்கலாம்?

என்னிடம் இருப்பது பழையது, இப்போது வருகிற மாடல்களை நான் தொட்டதில்லை. அண்மையில் வாங்கியவர்களிடம் கேளுங்கள்.

கே: பேய்க்கு ஜோக் தெரியக் கூடாது என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் காமிக்கில் பேய்தான் முழுக்கக் காமெடி செய்கிறது, வாசகர்கள் ரசிக்கிறார்கள்.

ரசிக்கட்டும், நல்லதுதான். நீங்கள் செய்வது பேய் நடிக்கிற நகைச்சுவை, அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் கேள்வி திகில்-நகைச்சுவையைப் பற்றியது. உங்கள் வாசகர் ஒருவராவது ராத்திரி விளக்கை அணைக்கத் தயங்கினாரா?

கே: தமிழ் எழுத்துகள் வசனப் பலூனுக்குள் உடைந்து உடைந்து வருகின்றன. என்ன செய்வது?

சில வரையும் மென்பொருள்களுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாது. 'போ' என்று தட்டினால் இரட்டைக்கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பு என்றால் எழுத்து அமைப்புகளில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இலவசமாக வேண்டுமென்றால் படத்தை மட்டும் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் வரைந்து, எழுத்தை இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு மென்பொருளில் போடுங்கள், அது தமிழை ஒழுங்காகக் காட்டும். எழுத்துருவுக்குக் கூகுள் ஃபான்ட்ஸில் கவிவனார் கையெழுத்துப் போல சாய்ந்து நிற்கும், பலூ தம்பி தடித்து உருண்டு இருக்கும், கத்துகிற இடங்களுக்கு ஆகும். இரண்டும் திறந்த உரிமத்தில் இருப்பதால் விற்கிற புத்தகத்திலும் தாராளமாகப் போடலாம். கண்ட இடத்தில் இறக்கிய எழுத்துருவை, உரிமம் என்னவென்று பார்க்காமல் போடாதீர்கள்.

பலூனின் வடிவமும் மாற வேண்டும். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பது ஒரே சொல், குறுகலான பலூனில் அதை எங்கே ஒடிப்பது? முதலில் வசனத்தை எழுதி, சத்தமாகப் படித்து, 'போயிட்டிருக்கேன்' என்று சுருக்கி, அதற்கேற்ற அகலமான பலூனை வரைந்து, மிச்சமுள்ள இடத்தில் ஆட்களை நிறுத்துங்கள். படத்தை முடித்துவிட்டுப் பலூனுக்கு இடம் தேடினால் அது பேயின் தலைமேல்தான் போய் விழும். 800 அகலத்தில் 30 பிக்சலுக்குக் குறைவாக நான் எழுத்து வைப்பதில்லை. அதற்குக் கீழே போனால் போனில் ணுவும் ழுவும் புள்ளியாகிவிடும்.

எழுத்தைப் படத்தோடு ஒட்டாத தனி அடுக்கில் (லேயர்), திருத்தக்கூடியபடியே சேமியுங்கள். நான் முதல் 22 எபிசோடையும் எழுத்தோடு சேர்த்து ஒரே படமாகச் சேமித்துவிட்டேன். புத்தகம் போட நேர்ந்தபோது ஒவ்வொரு பலூனையும் வெள்ளையடித்து மறுபடி எழுத மூன்று மாதம் போனது.

கே: இலவச மென்பொருள் எது? எந்த அளவில் வரையணும்?

இரண்டையும் மேலே சொல்லியிருக்கிறேன்.

கே: நான்தான், காமெடிப் பேய். விளக்கை அணைக்கத் தயங்கியவர் யாரும் இல்லை, உண்மை. ஆனால் உங்கள் விதிப்படி பேய் வாயே திறக்க முடியாதே? பேய் பேசினால் பயம் போய்விடும் என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. பேசலாம். சிரிக்க வைக்கும் நோக்கத்தோடு பேசக் கூடாது.

கே: இடையில் வருகிறேன். நீங்கள் இருவர் சொல்வதும் பாதிதான். அதே பேய், அதே வசனம், முதல் தடவை சிரிப்பாகவும் பிறகு பயமாகவும் இருக்க முடியும். நோக்கம் பேயுடையதாக இருந்தால் என்ன, வரைபவருடையதாக இருந்தால் என்ன?

இதை யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி, என் காமிக்கிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது, நான்தான் சேர்த்துப் பார்க்கவில்லை. என் பேய் ஏறுகிற எல்லோரிடமும் "எத்தனையாவது மாடி?" என்று கேட்கும். மூன்றாவது எபிசோடில் அது சிரிப்பு, ஏனென்றால் ஏறியவர் பழக்கதோஷத்தில் பதில் சொல்லி நன்றியும் சொல்லிவிடுகிறார். பதினொன்றாவது எபிசோடில் அதே கேள்வி, ஆனால் அதைக் கேட்பது காணாமல்போன அந்த ஆளின் குரல். வசனத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. முதல் சிரிப்பு இருந்ததால்தான் இரண்டாவது இடம் அப்படிக் குத்தியது. அந்த எபிசோடுக்கு வந்த அளவு கடிதம் வேறெதற்கும் வந்ததில்லை.

ஆகவே சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்: பேய் சிரிப்பு வரவழைக்கலாம், ஆனால் அது சிரிப்பு என்று பேய்க்குத் தெரியக் கூடாது. அதற்கு ஒரு தேவை இருக்க வேண்டும், மாடி எண் தெரிந்தே ஆக வேண்டும். காமெடிப் பேய் நண்பரே, உங்கள் பேய்க்கு என்ன வேண்டும்? அதைச் சொல்லுங்கள், பேசுவோம்.

கே: இருட்டுக் காட்சி கணினியில் அழகாக இருக்கிறது, போனில் ஒன்றும் தெரியவில்லை.

போனின் வெளிச்சத்தைக் குறைந்த அளவுக்கு இறக்கிப் பாருங்கள், ராத்திரி படுக்கையில் படிக்கிறவர் அப்படித்தான் படிக்கிறார். தெரிந்தே ஆக வேண்டியதற்கும் பின்னணிக்கும் நடுவே வெளிச்ச வித்தியாசத்தைக் கூட்டுங்கள். இருட்டில் நிறம் மெல்ல மாறுகிற இடங்களை ஜேபெக் (JPEG) கோப்பாகச் சுருக்கினால் பட்டை பட்டையாகத் தெரியும், லேசாகப் புள்ளித்தூவல் சேர்த்தால் மறையும்.

கே: தளத்தில் போட்டால் போதுமா, சொந்த இணையதளம் வேண்டுமா? என் கதையை யாராவது திருடினால்?

இரண்டும் வேண்டும். வாசகர் தளத்தில் கிடைப்பார், ஆனால் தளம் உங்களுடையது அல்ல. ஸ்மாக் ஜீவ்ஸ் என்ற பெரிய வெப்காமிக் தளம் 2020 டிசம்பர் 31-ல் மூடப்பட்டது, அங்கே மட்டும் வைத்திருந்தவர்கள் அவசரமாகப் படைப்பை அள்ளிக்கொண்டு வேறிடம் தேட வேண்டியதாயிற்று. மூலக் கோப்புகளை இரண்டு இடத்திலாவது வையுங்கள். உரிமையைப் பொறுத்தவரை, 1886-ன் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் வரைந்த உடனே பதிப்புரிமை வந்துவிடும், பதிவு தேவையில்லை, சில நாடுகளில் வழக்குப் போடத்தான் பதிவு கேட்பார்கள். 'லிஃப்டில் பேய்' என்ற யோசனைக்கு உரிமை கிடையாது, நீங்கள் எழுதி வரைந்த வடிவத்துக்குத்தான் உண்டு. யாராவது ஒப்பந்தம் நீட்டினால் அச்சு, திரைப்பட, பொம்மை உரிமைகள் யாரிடம் போகின்றன, எப்போது திரும்பி வரும் என்று பாருங்கள். கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கே: வாரம் எத்தனை எபிசோட் போடலாம்? இரண்டு முடித்துவிட்டேன், நாளைக்கே ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். பத்து. தயவுசெய்து பத்து.

கே: எவ்வளவு சம்பாதிக்கலாம்?

முதல் இரண்டு வருடம் எனக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு பேட்ரியான் தளம் வழியாக வாசகர்கள் தருகிற பண ஆதரவும் புத்தக விற்பனையும் சேர்ந்து செலவைத் தாண்டின. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள்.

கே: காமெடிப் பேய் மறுபடியும். யோசித்தேன். என் பேய்க்குத் தன் பெயர் மறந்துவிட்டது, அதனால்தான் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்துக் கிண்டல் செய்கிறது. ஒரு பக்கம் மாற்றி வரைந்து இணைத்திருக்கிறேன்: எல்லோருக்கும் பெயர் வைத்துவிட்டுக் கடைசியில் கண்ணாடிமுன் நிற்கிறது, பலூன் காலியாக இருக்கிறது.

மூன்று முறை பார்த்தேன். அந்தக் காலிப் பலூனைத் தொட்டுவிடாதீர்கள். நான்காவது கட்டத்தில் பேய் பல் தெரியச் சிரிக்கிறதே, அதை மட்டும் எடுத்துவிட்டு வாயை மூடி வரையுங்கள். அப்புறம் இதை முதல் எபிசோடில் போடாமல் எட்டிலோ ஒன்பதிலோ வையுங்கள். பத்தும் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், வரிசையாக உட்கார்ந்து படிக்கிறேன்.